நான் கிளம்பணுமா, டாக்டர்?

சென்னை விமான நிலையத்துக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

சுமார் 13,900 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பாருங்க, பதினைந்தரை மணி நேரம் வரும்.

ஐசியு-வில் வேலை பார்க்கிற டாக்டருக்கு இந்தக் கணக்கு எதுக்குன்னு நீங்க கேட்கலாம். பல வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கணக்கை நான் போட்டிருக்கணும். போடவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். உங்க வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருந்தாலோ, நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்தாலோ, கடைசி வரை படிச்சிடுங்க.

(நோயாளிகள் யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

திருநெல்வேலி. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், 68 வயசு. இருபது வருஷச் சர்க்கரை. நிமோனியாவோடு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்ததும் பேசினார், கஞ்சி குடித்தார், நர்ஸ் பிள்ளைகளிடம் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார்.

ஒரே மகன். கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலை. திங்கள்கிழமை ராத்திரி 8 மணிக்கு எனக்குப் போன் வந்தது. அவருக்கு அங்கே திங்கள் காலை ஏழரை.

எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "டாக்டர், நான் கிளம்பி வரணுமா?" என்றார்.

நான் சொன்னது இதுதான்: "இப்போதைக்கு ஸ்டேபிளா இருக்கார். ரெண்டு நாள் பாப்போம்."

மருத்துவமாகப் பார்த்தால் அதில் தப்பு இல்லை. ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் அது வேலை செய்கிறதா என்று தெரிய 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அதைத்தான் நான் "ரெண்டு நாள்" என்றேன். தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வாக்கியம்.

செவ்வாய்க்கிழமை ரவுண்ட்ஸ் போனபோது வாத்தியார் முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார், "அவன் எப்பம் வாரான்?"

"நீங்க நல்லாயிருவீங்க சார், அவர் எதுக்கு இப்ப ஓடி வரணும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

புதன்கிழமை காலை 8 மணிக்குள் நிலைமை மாறிவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கியது. சிறுநீர் குறைந்தது. தொற்று ரத்தம் முழுக்கப் பரவி, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர ஆரம்பித்திருந்தன. மகனுக்கு நானே போன் செய்தேன். "உடனே கிளம்புங்க."

அவருக்கு அது செவ்வாய் மாலை ஏழரை. கிடைத்த முதல் விமானம் மறுநாள் மதியம் 4 மணிக்கு, துபாய் வழியாக. நம்ம ஊர் நேரப்படி வியாழன் விடிகாலை நாலரை.

புதன் இரவு 9 மணிக்கு வாத்தியாருக்கு வென்டிலேட்டர் போட்டோம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வியாழன் பகல் 11 மணிக்கு இறந்துபோனார். அப்போது மகன் ஏறின விமானம் கிளம்பி ஆறரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி, "பாவம், தனியா வாரான். வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லிக்கிடலாம்" என்று முடிவெடுத்தார்கள். நல்ல மனசோடுதான் எடுத்தார்கள். ஆனால் துபாயில் இறங்கிப் போனை ஆன் பண்ணியதும் அவர் பார்த்தது, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அப்பா போட்டோ. கீழே கண்ணீர் அஞ்சலி.

அங்கிருந்து சென்னை. சென்னையிலிருந்து காரில் திருநெல்வேலி. வெள்ளி சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தார்.

பதினைந்து நாள் கழித்து, இன்சூரன்ஸுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று அந்த மகன் என்னைப் பார்க்க வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்:

"நீங்க ரெண்டு நாள் பாப்போம்னீங்க டாக்டர். நான் ரெண்டு நாள் இருக்குன்னு கேட்டுக்கிட்டேன்."

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, காகிதத்தில் அந்தக் கணக்கைப் போட்டேன்.

திங்கள் இரவே நான் "கிளம்புங்க" என்று சொல்லியிருந்தால், அவருக்கு அது திங்கள் காலை. அன்றைக்கு மதிய விமானத்தைப் பிடித்திருக்கலாம். புதன் விடிகாலை சென்னை. புதன் மாலை 4 மணிக்குத் திருநெல்வேலி. வென்டிலேட்டர் போட்டது இரவு 9 மணிக்கு.

ஐந்து மணி நேரம் அப்பாவோடு பேசியிருக்கலாம்.

அந்த ஐந்து மணி நேரத்தை நோய் எடுக்கவில்லை. நான் யோசிக்காமல் சொன்ன ஒரு வாக்கியம் எடுத்தது.

இப்போ மறுபடி அந்தத் தூரக் கணக்குக்கு வருவோம். இதைத் தெரிந்துகொள்வது எல்லாருக்கும் நல்லது.

13,900 கிலோமீட்டர் என்பது உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறைந்த தூரம். சுவரில் தொங்குகிற தட்டையான வரைபடத்தைப் பார்த்தால், சென்னையிலிருந்து கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா என்று தோன்றும். உண்மையில் அந்த நூல் வடக்கே ஏறும். நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய், ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். வீட்டில் குழந்தைகளின் குளோப் இருந்தால் ஒரு நூலை வைத்துப் பாருங்க.

ஆனால் அந்த நூலின் மேலேயே விமானம் போகாது. காற்று, மலைகள், எந்த நாடு தன் வான்வெளியைத் திறந்திருக்கிறது, எந்த நாடு மூடியிருக்கிறது என்று எல்லாம் பார்த்துத்தான் பாதை போடுவார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடிய பிறகு, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பயண நேரம்தான் கூடியது.

காற்றும் ஒரு காரணம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமாக ஓடுகிற காற்றோட்டங்கள் உண்டு. அதனால்தான் லண்டனிலிருந்து சென்னைக்கு வருவதைவிட, சென்னையிலிருந்து லண்டனுக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. பூமி சுற்றுவதால் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பூமியோடு சேர்ந்து காற்றும் விமானமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்கள். எல்லாமே அந்தந்த ஊர் நேரம். துபாயில் காலை 9 மணிக்கு ஏறினால் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே நாள் மதியம் 2 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். ஐந்து மணி நேரப் பயணம் மாதிரித் தெரியும். உண்மையில் பதினாறு மணி நேரம். திரும்பி வரும்போது நேர்மாறாக, ஒரு நாளுக்கு மேல் ஆகிற மாதிரித் தெரியும். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு இந்த நேரங்களைக் கழித்துப் பார்த்து, "இன்னைக்கு ராத்திரியே வந்துருவான்" என்று சொல்கிற மாமாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் விட்டபோது, விமானி அறையில் முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். வட துருவத்துக்கு மேலாகப் பறந்து, சுமார் 14,000 கிலோமீட்டரை ஏறக்குறைய 17 மணி நேரத்தில் கடந்தார்கள். பெரிய சாதனை. ஆனால் நம்மில் பலருக்கு வாய்ப்பது ஒன்று அல்லது இரண்டு ஊர் மாறி வருகிற பயணம்தான்.

அந்த வாத்தியார் மகனின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

வீட்டிலிருந்து விமான நிலையம் 1 மணி நேரம். முன்கூட்டியே போய் நிற்பது 3 மணி நேரம். துபாய் வரை பதினைந்தரை. அங்கே காத்திருப்பது மூன்றரை. துபாயிலிருந்து சென்னை 4. குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது ஒன்றரை. சென்னையிலிருந்து திருநெல்வேலி காரில் 11. கூட்டினால் முப்பத்தொன்பதரை. இதில் அடுத்த விமானத்துக்காக வீட்டில் காத்திருக்கிற நேரம் சேரவில்லை. அது 6 மணி நேரமாகவும் இருக்கலாம், 24 மணி நேரமாகவும் இருக்கலாம்.

கூகுள் சொல்கிற பதினைந்தரை மணி நேரம், வீட்டு வாசலிலிருந்து ஐசியு வாசலுக்கு இரண்டு நாளாக ஆகிவிடுகிறது. நான் "பாப்போம்" என்று சொன்னதும் அதே இரண்டு நாள்தான்.

டாக்டர்கள் இதைக் கணிப்பதில் எவ்வளவு மோசம் தெரியுமா? 2000-ம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. சிகாகோவில், வாழ்வின் கடைசிக் கட்டத்தில் பராமரிப்பு இல்லங்களின் கவனிப்பில் சேர்க்கப்பட்ட 468 நோயாளிகள், 343 டாக்டர்கள். இவர் இன்னும் எவ்வளவு நாள் இருப்பார் என்று டாக்டர்களிடம் கேட்டார்கள். 20 சதவீதக் கணிப்புதான் ஓரளவு சரி. 63 சதவீதம் அதிகமாகச் சொன்னவை. சராசரியாகப் பார்த்தால், உண்மையில் இருந்ததைவிட ஐந்து மடங்குக்கு மேல் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றும் தெரியவந்தது: ஒரு நோயாளியை டாக்டருக்கு எவ்வளவு காலமாகத் தெரியுமோ, அவ்வளவுக்குக் கணிப்பு தவறியது.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பிடித்தவர்கள் பிழைக்க வேண்டும் என்று நாங்களும்தான் ஆசைப்படுகிறோம். அந்த ஆசையைக் கணிப்பு என்று நினைத்துச் சொல்லிவிடுகிறோம்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது இது. வெளிநாட்டிலிருந்து யாராவது "வரணுமா?" என்று கேட்டால், முதலில் நான் மூன்று கேள்வி கேட்பேன். எந்த ஊரில் இருக்கீங்க? விசா நிலைமை என்ன, வெளியே வந்தால் திரும்பிப் போக முடியுமா? இங்கே வந்து சேர மொத்தம் எத்தனை மணி நேரம்?

இரண்டாவது கேள்வியை நான் அந்த மகனிடம் கேட்கவே இல்லை. அவர் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கத் தடை இல்லை. ஆனால் நாட்டை விட்டு வெளியே வந்தால், தூதரகத்தில் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள் எல்லாம் அங்கே. "ரெண்டு நாள் பாப்போம்" என்ற வார்த்தையை அவர் ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டார் என்று பிறகுதான் புரிந்தது.

மூன்று பதிலும் கிடைத்ததும், எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். இவர் வருகிற அந்த 40 மணி நேரத்துக்குள் நோயாளி இறந்துபோனால் நான் அதிர்ச்சி அடைவேனா? "அடைய மாட்டேன்" என்று மனசு சொன்னால், மகனிடம் "கிளம்புங்க" என்று சொல்லிவிடுவேன்.

இதிலும் தப்பு நடக்கும். ஒரு பாளையங்கோட்டை அம்மா, 74 வயசு. டெக்சாஸிலிருந்து மகனை வரச் சொன்னேன். அவர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள், அம்மா படுக்கையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "வேலையப் போட்டுட்டு உன்ன யாரு ஓடி வரச் சொன்னா?" என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மகன் என்னைத் தனியாகப் பார்த்து, "அவசரப்பட்டுட்டமோ டாக்டர்?" என்றார். லட்சக்கணக்கில் டிக்கெட் செலவு, வருஷத்தின் லீவு முழுக்கக் காலி. "ஆமா, என் கணிப்பு தப்பாப் போச்சு" என்று ஒத்துக்கொண்டேன். எல்லாராலும் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் முடிவு உங்களுடையது. மணி நேரத்தை எண்ணி உண்மையைச் சொல்வது மட்டும்தான் என் வேலை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு:

1. டாக்டரிடம் "வரணுமா?" என்று மட்டும் கேட்காதீங்க. "நான் வந்து சேர 40 மணி நேரம் ஆகும். அதை வச்சுச் சொல்லுங்க, இப்பவே கிளம்பட்டுமா?" என்று கேளுங்க. கேள்வி மாறினால் எங்கள் பதிலும் மாறும்.

2. கடைசி விமான நிலையம் சென்னையாகத்தான் இருக்கணும்னு இல்லை. நெல்லை, நாகர்கோவில்காரர்களுக்குத் துபாயிலிருந்து நேராகத் திருவனந்தபுரம் வந்தால், அங்கிருந்து திருநெல்வேலி காரில் நாலு மணி நேரத்துக்குள்தான். அந்த மகனுக்கு மட்டும் ஏழு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் மதுரை, திருச்சி, கோவை, கொச்சி என்று எது கிட்ட என்று இப்போதே பார்த்து வையுங்க.

3. விமானம் ஏறுவதற்கு முன், போனை நோயாளியின் காதருகே வைக்கச் சொல்லிப் பேசிவிடுங்க. மயக்கத்தில் இருந்தாலும் சரி. 2020-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறக்கும் தறுவாயில் எந்த அசைவும் இல்லாமல் இருந்தவர்களின் மூளையும் ஒலிக்கு எதிர்வினை காட்டுவதைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு அர்த்தம் புரிந்ததா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் பேசுங்க. பேசியது உங்களுக்கும் பின்னால் உதவும்.

4. "நடுவழியில் ஏதாவது ஆனால் எனக்குச் சொல்லணுமா, வேண்டாமா?" என்பதை நீங்களே முடிவு செய்து, வீட்டில் ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்க.

5. உங்க உடம்பையும் பாருங்க. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு 2007-ல் சொன்னது. பயப்பட வேண்டாம், அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருங்க, அவ்வப்போது எழுந்து நடங்க, தண்ணீர் குடிங்க. தூக்க மாத்திரை போட்டு ஒரே நிலையில் மடங்கிக் கிடக்காதீங்க. முன்பு கால் நரம்பில் ரத்தம் உறைந்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்க. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போல, கிட்டத்தட்ட ஊட்டி மாதிரி இருக்கும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

6. இறங்கியதும் காலில் ஒருபக்கம் மட்டும் வீக்கமும் வலியும், இல்லை திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால், துக்க வீடு என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வாங்க.

ஊரில் இருப்பவர்களுக்கு:

பிள்ளை வந்து சேருகிற வரை ஸ்டேட்டஸ் போடாதீங்க. சொந்தக்காரர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்க. முதலில் வீட்டுக்காரர் ஒருவர் அவரிடம் பேசட்டும்.

"நல்லாத்தான் இருக்காங்க, நீ நிதானமா வா" என்று பொய் சொல்லாதீங்க. நிதானமாக வந்துவிடுவார்கள்.

அப்பா அம்மா "அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொன்னாலும், டாக்டர் சொன்னதை அப்படியே பிள்ளையிடம் சொல்லுங்க. வாத்தியாரும் தன் மனைவியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். என்னிடம்தான் "அவன் எப்பம் வாரான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மகனிடம் கொண்டு சேர்த்திருக்க வேண்டும். நீங்கள் சேருங்க.

அன்றைக்குக் கணக்குப் போட்ட காகிதம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஜூனியர் டாக்டர்கள் சேரும்போது அதை எடுத்துக் காட்டுவேன். "இதுல என்ன சார் இருக்கு, வெறும் நேரம்தானே" என்று கேட்பார்கள். முழுக்கதையும் சொல்வேன்.

படிக்கிற நீங்க அமெரிக்காவில் இருந்தாலும் சரி, ஆஸ்திரேலியாவில் இருந்தாலும் சரி, இன்றைக்குப் பாஸ்போர்ட்டை எடுத்து அதன் கடைசித் தேதியையும் விசாவையும் பாருங்க. உங்க வீட்டு வாசலிலிருந்து ஊர் ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து, ஊரில் இருக்கிற ஒருவருக்கு அனுப்புங்க.

அப்படியே வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. அங்கே இப்போ மணி என்ன என்று பார்த்துட்டுப் போடுங்க.